மூன்றாவது பிரதி

என் தம்பி படம் எடுத்தான். நான் அதை ஊர் ஊராக அனுப்பினேன். எங்கள் கம்பெனி என்றால் அவ்வளவுதான். கடிதத் தாளில் மட்டும் ‘ஆவணப்படத் தயாரிப்பு, விநியோகம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து வைத்திருந்தோம்.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். முன்னறையில் தம்பியின் எடிட்டிங் மேசை. பின்னறை என் ராஜ்ஜியம். மூன்று சுவர்களிலும் இரும்புத் தட்டுகள், தட்டு நிறையத் தகர டப்பாக்கள், டப்பாவுக்கு ஒரு படம். பாட்டும் சண்டையும் இல்லாத படங்கள். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள், கண் ஆஸ்பத்திரியில் ஒரு நாள், ஆறு ஏன் வற்றியது என்று இப்படி. இதையெல்லாம் யார் டிக்கெட் எடுத்து வந்து பார்ப்பார்கள்? பார்ப்பவர்களை நாங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

கல்லூரி, நூலகம், தொழிற்சங்கம், ஆசிரியர் பயிற்சிப் பள்ளி என்று எங்கிருந்தாவது கடிதம் வரும். இன்ன தேதிக்கு இன்ன படம் வேண்டும் என்பார்கள். டப்பாவை மரப்பெட்டிக்குள் வைத்து, வாரால் இறுக்கிக் கட்டி, பார்சல் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். போன படம் நாலைந்து நாளில் திரும்பி வரும். வந்ததும் மேசையில் ஏற்றி, பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, படச்சுருளின் விளிம்பு விரலிடுக்கில் ஓடும்படி மெதுவாகச் சுற்றுவேன். எங்கே துளை கிழிந்திருக்கிறது, எந்தப் பழைய ஒட்டு விட்டுப்போகப் பார்க்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். கிழிந்த இடத்தை வெட்டி, பசை தடவி ஒட்டுவேன். அந்தப் பசைக்கு நகப்பூச்சு வாசம். அந்த வாசத்தோடு வீட்டுக்குப் போனால் என் கணவர், “இன்னிக்கு எத்தனை பேருக்கு ஆபரேஷன்?” என்று கேட்பார்.

ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு அட்டை வைத்து அனுப்புவேன். படம் பார்த்தவர்கள் ஏதாவது எழுத வேண்டும். அந்த அட்டைகளைப் படிப்பதற்காகவே நான் அந்த வேலையில் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். “அறுபது பேர் பார்த்தோம். படம் நன்று. மின்விசிறி ஓடவில்லை.” “கதாநாயகி வருவார் என்று எங்கள் முதல்வர் கடைசிவரை எதிர்பார்த்தார்.” “இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அழுதாள். காரணம் கேட்டதற்குச் சொல்லவில்லை.” சாயங்காலம் டீ வந்ததும் நான் வாசிப்பேன், தம்பி மேசையைவிட்டு எழுந்து வந்து கதவில் சாய்ந்துகொண்டு கேட்பான். எங்கள் இருவருக்கும் அதைவிடச் சந்தோஷமான நேரம் அந்த வருஷங்களில் வேறு இல்லை.

அவனுக்கு இருபத்தேழு வயதிருக்கும்போது பக்கத்து ஊரில் ஒரு பேருந்துப் பணிமனையைப் படம் எடுத்தான். நாற்பது நாள் அங்கேயே பழியாகக் கிடந்தான். பஸ்ஸுக்கு அடியில் மெக்கானிக்குகள் நின்று வேலை பார்க்கும் குழிக்குள் கேமராவை இறக்கி, எண்ணெய் சொட்டச் சொட்ட எடுத்தான். சட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் அடிக்கடி சாப்பாடு எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போய்வந்ததில் அங்கே எல்லோரும் எனக்குப் பழக்கமாகிவிட்டார்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்தாத மெக்கானிக்குக்கு ‘பிரேக்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்து, பஸ்ஸுக்குள் குனிந்தே நடக்கும் கண்டக்டருக்கு ‘அரை டிக்கெட்’. மின்சார வேலை பார்த்தவரை ஒயர்மேன் என்றே கூப்பிட்டார்கள். அவர் பெயர் சம்பளச் சீட்டுக்குத் தவிர வேறெதற்கும் பயன்பட்டதாகத் தெரியவில்லை.

கடைசி நாள் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது பிரேக் என்னிடம் கேட்டார். “ஏம்மா, எங்களை எடுத்துட்டுப் போறீங்களே, எங்களுக்குக் காட்டுவீங்களா?”

“உங்களுக்குக் காட்டாம வேற யாருக்குக் காட்டப் போறோம்?” என்றேன். தம்பி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

அந்தப் படத்துக்கு மூன்று பிரதிகள் போட்டோம். முதல் பிரதி கல்லூரி கல்லூரியாக ஓடி நார்நாராகிவிட்டது. இரண்டாவது ஒரு கல்லூரியின் கோளாறான புரொஜெக்டரில் மாட்டி, படத்தின் நடுவே இருபது நிமிஷ நீளத்துக்குக் கோடு விழுந்து, யாருக்கும் அனுப்ப முடியாமல் போனது. மூன்றாவது பிரதி புத்தம் புதிது. அதைப் பணிமனைக்கு அனுப்புவதாகத் தேதி கொடுத்திருந்தேன். அந்த வாரம்தான் வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. பெரிய திரைப்பட விழா. படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், நல்ல பிரதி ஒன்று வேண்டும் என்று. தம்பி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தான்.

“அக்கா, மூணாவது பிரிண்டைத் தொடாதே. அது விழாவுக்கு.”

“பணிமனைக்கு நாளைக்கு அனுப்பணும்டா. நாலு நாள்ல வந்துடும். விழாவுக்கு அனுப்ப இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு.”

“அவங்களுக்கு அப்புறம் காட்டலாமே.”

“எப்பப் பார்த்தாலும் அவங்களுக்குத்தான் அப்புறமா?”

அவன் முன்னறைக்குப் போய்விட்டான். நான் அனுப்பிவிட்டேன்.

அது திரும்பி வரவில்லை. ஐந்தாம் நாள் போன் செய்தேன். அனுப்பியாயிற்று என்றார்கள். ஏழாம் நாள் பார்சல் ஆபீசில் போய் நின்றேன். அங்கே எந்தப் பதிவும் இல்லை. புதுப் பிரதி போட லேப் மூன்று வாரம் கேட்டது. விழா நடந்து முடிந்தது. தம்பி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு அட்டைகளை வாசிக்கும்போது அவன் எழுந்து வரவில்லை.

இரண்டு வருஷத்தில் கம்பெனியை மூடினோம். அவன் தொழிற்சாலைகளுக்குப் பயிற்சிப் படங்கள் எடுக்கப் போனான்: தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது, ஏணியை எப்படிச் சாத்துவது. நான் ஒரு நூலகத்தில் சேர்ந்தேன். கல்யாணம், சாவு, பிறந்தநாள் எல்லாவற்றிலும் சந்தித்துக்கொண்டோம். என் கணவர் போனபோது என்னோடு ஒரு மாதம் வந்து இருந்து எல்லாம் பார்த்தான். ஆனால் அந்தப் படத்தைப் பற்றி முப்பத்தாறு வருஷம் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வருஷம் திரைப்படக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பழைய ஆவணப்படங்களைத் தேடித் தேடிப் புதுப்பிக்கிறார்களாம். பணிமனைப் படத்தைப் பற்றி யாரோ எழுதிய பழைய கட்டுரையைப் படித்திருக்கிறாள்.

“நெகட்டிவ் இருந்த லேப்பை மூடினப்போ எல்லா டப்பாவையும் ஒரு ஷெட்டுல போட்டுட்டாங்கம்மா. மழைத் தண்ணி புகுந்து எல்லாம் போச்சு. உங்ககிட்டப் பிரிண்ட் ஏதாவது இருக்கா?”

என்னிடம் இருந்தது அனுப்பல் பதிவேடு மட்டும்தான். பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். என் கையெழுத்து அப்போதெல்லாம் எவ்வளவு நேராக இருந்திருக்கிறது! ‘பிரதி 3. பேருந்துப் பணிமனை, ஊழியர் மன்றம். பெறுபவர்: ஒயர்மேன்.’ திரும்பி வந்த தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது.

தம்பிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

“எப்பப் போறோம்?” என்று கேட்டான்.

ஒயர்மேனைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஓய்வுபெற்ற பிறகும் பணிமனைக்குப் பின்னால் இரண்டாவது தெருவிலேயே இருந்தார். கதவைத் திறந்தவர் என்னை அரை நிமிஷம் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பாவை இழுத்து எடுத்து வந்து எங்கள் முன்னால் வைத்தார். மூடியில் நான் ஒட்டிய லேபிள் அப்படியே இருந்தது.

“வருவீங்கன்னு தெரியும்” என்றார். “இவ்வளவு லேட்டா வருவீங்கன்னுதான் நினைக்கலை.”

டப்பாவைத் திறந்து முதலில் முகர்ந்து பார்த்தேன். கெட்டுப்போன படம் என்றால் ஊறுகாய் ஜாடி மாதிரி புளிப்பு வாடை அடிக்கும். இதில் இல்லை. மனுஷர் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். சுருளின் நுனியை எடுத்து விரலிடுக்கில் விட்டுச் சுற்ற ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் போனதும் விரலில் ஒரு ஒட்டு தட்டியது. நான் போட்ட ஒட்டு இல்லை. நான் புதுப் பிரதியில் ஒட்டுப் போடவே இல்லை. இன்னும் கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அப்புறம் மூன்று அடுத்தடுத்து. முழுவதும் சுற்றி முடிக்கும்போது முப்பத்தொன்று எண்ணியிருந்தேன்.

“வெட்டியிருக்கீங்களா?” என்றேன்.

ஒயர்மேன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். படத்தைப் பணிமனையில் காட்டிய மறுநாளே பிரேக் இறந்துவிட்டார். ஜாக்கி நழுவி வண்டி இறங்கிவிட்டது. வீட்டில் கல்யாணப் போட்டோவைத் தவிர அவருக்கு வேறு படம் இல்லை. அதில் அவர் கசப்பு மருந்து குடித்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி ஆள் அனுப்பிக் கேட்டாள்: சினிமாவில் சிரிச்சாரே, அந்தச் சிரிப்பு கிடைக்குமா? படப்பெட்டி அப்போது பார்சலுக்குக் கட்டித் தயாராக இருந்தது.

“அஞ்சு பிரேம்தான் வெட்டினேன். ஒண்ணை வெச்சு ஸ்டூடியோவுல பெரிசாப் போட்டுக்கலாம், அது தவறிப்போனா மத்தது உதவும்னு. ஒட்டிட்டேன். ஆனா வெட்டின படத்தை எந்த முகத்தோட திருப்பி அனுப்புறது? உங்க போன் வந்தப்போ அனுப்பிட்டேன்னு வாய்ல வந்துடுச்சு. ஒரு பொய் சொன்னா அதோட முடியுதா? அதுக்கப்புறம் யார் போனாலும் வீட்டுக்காரங்க எங்கிட்ட வந்து நின்னாங்க. பிரேக்குக்குக் குடுத்தியே, எங்களுக்குக் கிடையாதான்னு.”

முப்பத்தாறு வருஷத்தில் முப்பத்தொரு பேர். சிலருக்கு ஐந்து பிரேம், சிலருக்கு ஏழெட்டு. ஒரு நொடிக்கு இருபத்துநாலு பிரேம் ஓடும் படத்தில் அது கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் படத்தின் ஓரத்தில் ஒலியும் சேர்ந்தே ஓடுகிறது. அதுவும் ஒரு நொடி தள்ளி. அதனால் ஒருவரின் முகத்தை வெட்டினால் இன்னொருவரின் பேச்சில் ஒரு துண்டு போய்விடும்.

தம்பி எழுந்துவிட்டான். அவன் கழுத்து சிவந்திருந்தது.

“யாரைக் கேட்டு என் படத்தை வெட்டினீங்க?”

ஒயர்மேன் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அந்தக் காலத்தில் பணிமனையில் டிக்கெட் கட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். படத்திலும் இருக்கிறார்.

“நீங்க யாரைக் கேட்டு எங்களை எடுத்தீங்க, சார்?”

அவர் குரலை உயர்த்தவில்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பவர் மாதிரிதான் கேட்டார். நாங்கள் மேலாளரைக் கேட்டிருந்தோம். மேலாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைச் சொல்ல தம்பி வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“உட்காருங்க” என்றார் அந்த அம்மாள். “டீ போடுறேன். என்னை ஒரு பிரேம்கூட வெட்டலை, கவலைப்படாதீங்க. நான் இன்னும் உயிரோட இருக்கேன்ல.”

முதலில் சிரித்தது ஒயர்மேன்தான். அப்புறம் நான். தம்பி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உட்கார்ந்தான்.

காப்பகத்துப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். மீதியிருக்கும் படத்தை வைத்தே புதுப்பிக்கலாம் என்றாள். பிறகு தயங்கி, “வெட்டின பிரேமெல்லாம் கிடைக்குமா? ஒரே நாள் கையில இருந்தா போதும், ஸ்கேன் பண்ணிட்டுத் திருப்பிக் குடுத்துடலாம்” என்றாள்.

யார் யாருக்குக் கொடுத்தார் என்பது ஒயர்மேனுக்கு மனப்பாடம். ஒரு தாளில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மறுநாள் காலை முதல் நானும் தம்பியும் பஸ் ஏறி இறங்கி வீடு வீடாகப் போக ஆரம்பித்தோம்.

முதலில் பிரேக்கின் மனைவி. எண்பதை நெருங்கியிருந்தார். பீரோவிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் ஐந்து பிரேம்கள், ஒரே துண்டாக. சுவரில் அதிலிருந்து பெரிதாக்கிய படம் மாட்டியிருந்தது. குழியிலிருந்து தலையை நீட்டி, முகமெல்லாம் கிரீஸோடு, நேரே நம்மைப் பார்த்துச் சிரிக்கும் பிரேக். சிறிய பிரேமைப் பெரிதாக்கியதில் படம் முழுக்க மணல் தூவியதுபோல் இருந்தது. அந்தச் சிரிப்புக்கு ஒரு குறையும் இல்லை.

தம்பி அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டான்.

“உங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்னு ஒயர்மேன் சொன்னார்” என்றார் அந்த அம்மாள். “ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அப்ப நீங்க என்ன சொன்னீங்க, இப்படிச் சிரிக்கிறார்?”

தம்பி யோசித்தான். எனக்குப் பயமாக இருந்தது. அந்த ஷாட்டை அவன் எடுத்தெறிய நினைத்தது எனக்குத் தெரியும். எடிட்டிங்கில் வேறு வழியில்லாமல்தான் வைத்தான்.

“ஒண்ணும் பெரிசா சொல்லலைம்மா” என்றான். “கேமராவைப் பார்க்காதீங்கன்னு சொன்னேன்.”

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அதானே பார்த்தேன்! எதைச் செய்யாதேன்னு சொல்றோமோ அதைத்தான் செய்வார். கடைசிவரைக்கும் அப்படித்தான்.”

கூட்டோடு எடுத்து தம்பியின் கையில் கொடுத்தார். எப்போது திருப்பித் தருவீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அவன் அதைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு முழுவதும் மார்பில் கை வைத்தபடியே நடந்தான்.

அரை டிக்கெட்டின் வீட்டுக் கதை வேறு. அவருக்கு நான்கு பிள்ளைகள். ஒயர்மேன் கொடுத்த எட்டு பிரேமை ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டு, அதற்கப்புறம் ஏதோ ஒரு சண்டையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்தார்கள். நாலு பேருமே அப்பாவின் உயரம். ஒவ்வொரு வீட்டிலும் வாசற்படியில் குனிந்துதான் எங்களை வரவேற்றார்கள். மூத்தவர் உடனே கொடுத்துவிட்டார். இரண்டாவது ஆள், “அவன் குடுத்தானா?” என்றார். “குடுத்தார்” என்றோம். “அப்ப நான் குடுக்காம இருந்தா நல்லா இருக்காது.” மூன்றாவது ஆளும் அதையே கேட்டார். கடைசிப் பிள்ளை மட்டும் கேள்வியை மாற்றினார். “அண்ணனுங்க எல்லாரும் எப்படி இருக்காங்க?” என்றார்.

“நல்லா இருக்காங்க. பெரிய அண்ணனுக்குத்தான் முழங்கால் வலி போல, தாங்கித் தாங்கி நடந்தார்” என்று என் தம்பி சொன்னான்.

அவர் உள்ளே போய்விட்டு வந்தார். பிரேமைக் கொடுக்கும்போது தாளில் மடித்து, மேலே தன் போன் நம்பரை எழுதினார். “அவங்க யாராவது கேட்டா குடுங்க” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்தோம். ஜன்னலோர இடம் தம்பிக்கு.

“அந்த விழாவுக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு முதல் பத்து வருஷம் தினமும் நினைப்பேன்” என்றான். “அப்புறம் எப்பவாவது.”

“தப்பு என்னுதுதான்டா. ஒரு வாரம் தள்ளி அனுப்பியிருக்கலாம்.”

“காட்டுறேன்னு நீ சொன்னப்போ நான் பக்கத்துல தானே நின்னேன். வேண்டாம்னு சொன்னேனா? சொல்லலை.” பிறகு, “உன் மேல கோபமா இருக்கிறது எனக்கு வசதியா இருந்துச்சு அக்கா. அடுத்த படம் ஏன் எடுக்கலைன்னு யாரும் கேட்டா, பதில் ரெடியா இருந்துச்சு” என்றான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு ஸ்டாப் தாண்டி இறங்கியிருக்கிறோம் என்பது கீழே நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது.

பதினைந்து நாளில் இருபத்துநான்கு பேரின் பிரேம்கள் கிடைத்தன. ஒன்று புத்தகத்துக்குள், ஒன்று கண்ணாடிக்குப் பின்னால், ஒன்று ஒரு பையனின் பள்ளிக்கூட அடையாள அட்டைக்குள். ஆறு குடும்பங்கள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. ஒருத்தி மட்டும் தர மறுத்தாள். பஸ் கழுவும் வேலை பார்த்த ஒரு பெண்ணின் மகள் அவள். அம்மா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயதாம்.

“ஸ்கேன் பண்ணிட்டு அன்னிக்கே குடுத்துடுவோம்மா” என்றேன்.

“நம்புறேன்மா. ஆனா இது வீட்டை விட்டு வெளியே போச்சுன்னா எனக்கு அன்னிக்கு வேலை ஓடாது.” உள்ளங்கையில் வைத்து எங்களுக்குக் காட்டினாள். தண்ணீர்க் குழாயோடு ஒரு பெண், நகத்தளவு.

நான் மறுபடி கேட்க வாயெடுத்தேன். தம்பி தடுத்துவிட்டான்.

“வேண்டாம் அக்கா. அவங்க அம்மா அவங்ககிட்டயே இருக்கட்டும்.” பிறகு அவளிடம், “நீங்களே வெச்சுக்குங்கம்மா. ஆனா படம் போடும்போது வரணும், மீதி அம்மாவைப் பார்க்கலாம்” என்றான்.

காப்பகத்தில் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் சேர்த்தார்கள். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினாள். பிரேக்கின் சிரிப்பு திரும்பி வந்த இடத்துக்கு ஒரு நொடி தள்ளி, அதுவரை “வ” என்று அறுந்துபோயிருந்த ஒரு குரல், “வரேன்” என்று முழுசாகக் கேட்டது. தம்பி அதை நாலு தடவை ஓட்டச் சொன்னான்.

“கிடைக்காத ஏழு இடத்தையும் கம்ப்யூட்டரே நிரப்பிடும் சார். குதிக்கிறதே தெரியாது” என்றாள் அவள்.

“வேண்டாம்மா, குதிக்கட்டும்” என்றான். “அந்தப் பிரேமெல்லாம் தொலைஞ்சு போகலை. வேற வீட்டுல இருக்கு.”

மறு வாரமே அத்தனை பேருக்கும் அவரவர் பிரேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தம்பியே தனியாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பணிமனையின் சாப்பாட்டுக் கூடத்தில் படத்தைப் போட்டோம். ஜன்னல்களுக்குப் பஸ் சீட்டு உறை தைக்கும் கறுப்புத் துணியைக் கட்டியிருந்தார்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் தரையில். அரை டிக்கெட்டின் பிள்ளைகள் நாலு பேரும் பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். பக்கத்தில் பக்கத்தில் இல்லை. ஆனால் ஒரே சுவரில். பஸ் கழுவியவரின் மகள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி முதல் வரிசையில் இருந்தாள்.

படம் ஆரம்பித்ததும் கூடம் அமளிப்பட்டது. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கூச்சல். “ஏய், அது நம்ம ஸ்டோர்கீப்பர்டா!” “எவ்வளவு முடி பாரு இவனுக்கு!” டிக்கெட் கட்டுகளை எண்ணிக்கொண்டு ஒயர்மேனின் மனைவி திரையில் வந்தபோது விசில் பறந்தது. “இடுப்பைப் பார்த்தீங்களா?” என்று அவரே எழுந்து நின்று சொன்னார். ஒயர்மேன் தலையில் அடித்துக்கொண்டார். முதல் வரிசைப் பெண்ணின் அம்மா திரையில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு நடந்து, ஒரு இடத்தில் வெட்டுப்பட்டு, அரை அடி தள்ளிக் குதித்து, மறுபடி நடந்தாள். அவள் மகள் கைப்பையைத் திறக்காமல் மேலே தடவிக்கொண்டாள்.

நாற்பத்திரண்டு நிமிஷத்தில் படம் முடிந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. “இன்னொரு தடவை போடுங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அப்புறம் எல்லோரும் கேட்டார்கள். போட்டோம்.

முதல் தடவை தம்பி படத்தையே பார்க்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பார்ப்பவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவைதான் வந்து தரையில், கூட்டத்துக்கு நடுவே, எனக்கு முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்தான். அவனுக்குப் பக்கத்தில் தடித்த கண்ணாடி போட்ட வயதான டிரைவர் ஒருவர். அவர் தம்பியை உற்றுப் பார்த்தார்.

“எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே. நீங்க எந்த ஷிப்டு?”

“பகல் ஷிப்டுங்க.”

“எத்தனை வருஷம் இருந்தீங்க?”

“நாற்பது நாள்தாங்க.”

“ஓ, தற்காலிகமா?” டிரைவர் அனுதாபத்தோடு நகர்ந்து இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தார். “பரவாயில்லை, நல்லா உட்காருங்க. முதல் ஆட்டத்துல விட்டிருந்தா இப்பப் பாருங்க. இந்தா, இந்த வண்டிக்கு அடியிலேர்ந்து பிரேக் வருவான். அவன் வர்ற இடம்தான் படத்துலயே நல்ல இடம்.”

“அப்படிங்களா?” என்று கேட்டுவிட்டு, தம்பி இரண்டு கைகளாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தான்.